நியூட்ரான் விண்மீனின் நிறை வரம்பு: 1939-ஆம் ஆண்டுக் கணக்கு ஏன் பொருந்தவில்லை?

கேள்வி:
நியூட்ரான் விண்மீனுக்கு (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும், பெரும்பாலும் நியூட்ரான்களாலான மிக அடர்ந்த கரு) 1939-இல் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் கணக்கிட்ட உச்ச நிறை வரம்பு ஏறத்தாழ 0.7 சூரிய நிறைதான். ஆனால் 2 சூரிய நிறையுள்ள நியூட்ரான் விண்மீன்கள் கண்டறியப்பட்டுள்ளனவே, பிழை எங்கே நேர்ந்தது?

பதில் 1:
அவர்கள் நியூட்ரான்களை ஒன்றையொன்று பாதிக்காத வாயுவாகக் கொண்டார்கள். உண்மையில், மிக நெருங்கும்போது அணுக்கரு விசை அவற்றை வலுவாக விலக்குவதால் வரம்பு உயர்கிறது. அன்றைய அறிவில் அது குறையே அன்று.

பதில் 2:
விலக்குவிசையும் ஓரளவுக்கே காக்கும். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின்படி அழுத்தமும் ஈர்ப்பைத் தோற்றுவிப்பதால், ஒரு நிலைக்கு மேல் தாங்க வேண்டிய அழுத்தமே சரிவை விரைவுபடுத்திக் கருந்துளையில் கொண்டு முடிக்கிறது. எனக்கு வியப்பூட்டுவது இதுவே.

பதில் 3:
2017 ஆகஸ்ட் 17-இல் ஈர்ப்பலைகளாக (காலவெளியில் பரவும் அதிர்வுகளாக) உணரப்பட்ட, இரு நியூட்ரான் விண்மீன்களின் இணைவில் மொத்த நிறை ஏறத்தாழ 2.7 சூரிய நிறை. எஞ்சியது விரைவில் கருந்துளையானது என்று கொண்டு, சுழலாத விண்மீனுக்கான வரம்பைப் பலர் 2.2 சூரிய நிறை அளவில் வைக்கிறார்கள்.