சர்டிஃபிகேட் மாற்றிய ராத்திரி சர்வர் எழும்பவில்லை: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. எங்கள் தளத்தின் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் (தளம் எங்களுடையதுதான் என்று பிரௌசருக்குக் காட்டும் சான்று) காலாவதியாக இரண்டு நாள்தான் இருந்தது. புதியது இரண்டு ஃபைலாக வந்தது: எங்கள் டொமைனுக்கு ஒன்று, அதை வழங்கியவருக்கான சான்றான இன்டர்மீடியட் ஒன்று. பழையதை நகலெடுத்து வைத்துவிட்டு, இரண்டையும் கேட் கமாண்டால் ஒன்றாகச் சேர்த்து, ராத்திரி 11.30-க்கு, தளத்தை நடத்தும் சாஃப்ட்வேரான என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்தேன். நின்றது. திரும்ப எழும்பவில்லை.

சர்டிஃபிகேட்டை லோட் செய்ய முடியவில்லை என்று எரர். சர்டிஃபிகேட்டுக்கு ஜோடியான ரகசிய கீ ஃபைல் மாறிவிட்டதோ என்று அதையே புரட்டியதில் பத்து நிமிடம் போயிற்று. அதற்குள் கஸ்டமர் கேரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிட்டது. டீமில் சீனியர் ஒரு நாகர்கோவில் அக்கா, மடிவாளாவில் வீடு. அவரை எழுப்பினேன். "பதறாத தம்பி. முதல்ல பழைய ஃபைலைப் போட்டு சைட்டை ஏத்து. அப்புறம் அந்த எரரைக் கடைசி வரைக்கும் படி" என்றார்.

தளம் ஏறியதும் படித்தேன். வரியின் கடைசியில் 'பேட் எண்ட் லைன்' என்று இருந்தது. ஃபைலைத் திறந்தால், முதல் சர்டிஃபிகேட் முடியும் வரியும் அடுத்தது தொடங்கும் வரியும் ஒட்டிக்கொண்டு, நடுவில் பத்துக் கோடுகள் ஒரே வரிசையாக நின்றன. ஐந்தோடு வரி முடிந்திருக்க வேண்டும். முதல் ஃபைலின் கடைசியில் என்டர் இல்லை. கேட் தானாக வரி பிரிக்காது.

என்டர் தட்டிவிட்டு, இந்த முறை, ஃபைல்கள் சரியா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் கமாண்டை ஓட்டினேன். இப்போது 'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்', அதாவது கீயும் சர்டிஃபிகேட்டும் பொருந்தவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியில், இரண்டும் ஜோடிதானா என்று காட்டும் எண்ணான மாடுலஸை எடுத்தேன்: கீயின் மாடுலஸையும் டொமைன் சர்டிஃபிகேட்டின் மாடுலஸையும் எடுத்துப் பார்த்தேன், இரண்டும் ஒன்றேதான். அப்படியானால் தப்பு வரிசையில். இன்டர்மீடியட்டை மேலே வைத்திருந்தேன். ஃபைலில் முதலில் இருப்பதைத்தான் என்ஜின்எக்ஸ் தன்னுடையது என்று எடுத்து கீயோடு ஒப்பிடும். மாற்றி வைத்ததும் டெஸ்ட் தேறியது.

ரீஸ்டார்ட்டுக்குப் பதில், நிறுத்தாமலே புதிய ஃபைலை ஏற்றும் ரீலோட் கொடுத்திருந்தால், புதிய ஃபைல் தப்பென்று கண்டதும் பழைய வொர்க்கர்களே (தளத்தை நடத்தும் ப்ராசஸ்கள்) ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஒரு ஆர்டர்கூட நின்றிருக்காது. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

•

ஒயிட்ஃபீல்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வந்தது 'பர்மிஷன் டினைட்'. ஃபைல் ரூட் (அட்மின்) பெயரில்தான் இருந்தது, பர்மிஷனும் சரி. ஆனால் ஹோம் ஃபோல்டரிலிருந்து எம்வி கமாண்ட் கொடுத்து நகர்த்தியிருந்தேன். அப்படி நகர்த்தினால், லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பான எஸ்இலினக்ஸ் ஃபைலுக்கு ஒட்டும் லேபிள் பழையதாகவே ஒட்டிக்கொண்டு வரும். லேபிளைத் திருத்தும் ரெஸ்டோர்கான் கமாண்டை ஓட்டியதும் சரியாயிற்று. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்று பக்கத்து சீட்டில் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

•

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நான். எங்களுக்கு எரரே வரவில்லை, அதுதான் சிக்கல். லேப்டாப் குரோமில் தளம் ஒழுங்காகத் திறந்தது, ஆண்ட்ராய்டு ஆப் மட்டும் இணைய மறுத்தது. சர்வரில் இன்டர்மீடியட்டைச் சேர்க்க விட்டுப்போயிருந்தது. விட்டுப்போனதை கம்ப்யூட்டரில் குரோம் தானே தேடி எடுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு அப்படிச் செய்யாது. அதனால் பிரௌசரை மட்டும் நம்பாமல், கமாண்டால் தளத்தோடு இணைந்து பார்க்கும் கருவியான கர்லிலும் பாருங்கள்.

•

முதலில் எழுதியவன்தான். கர்ல் யோசனைக்கு நன்றி, சேர்த்துக்கொண்டேன். இனி இது அடிக்கடி வரும் வேலை: பொது சர்டிஃபிகேட்டின் அதிகபட்ச ஆயுள் 398 நாளிலிருந்து 2026 மார்ச் 15-இல் 200 நாளாகவும், 2027-இல் 100 ஆகவும், 2029-இல் 47 ஆகவும் குறைகிறது. அக்காவும் நானும் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டோம். டெஸ்ட் தேறினால் மட்டுமே ரீலோட். அதற்கும் முன்னால், ஃபைலின் கடைசியில் என்டர் இருக்கிறதா என்று பார்க்கும்.