பாபகூம் கொலை வழக்கு, 1884: படித்து ஆராய்ந்தவர்கள் பகிரலாம்

பழையகட்டு:
இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில், டார்க்கியை ஒட்டிய சிற்றூர் பாபகூம். 1884 நவம்பர் 15 விடியற்காலை, கடலோரத்தில் இருந்த 'தி கிளென்' வீட்டில் 68 வயது எம்மா கீஸ் அம்மையார் சாப்பாட்டு அறைத் தரையில் பிணமாகக் கிடந்தார். தலையில் பலத்த அடி, கழுத்து அறுபட்டிருந்தது. வீட்டுக்குள் தனித்தனியாக ஐந்து இடங்களில் தீ, பாரஃபின் எண்ணெய் வாடை. வீட்டில் இருந்த மற்றவர்கள் நால்வர்: வயதான பணிப்பெண்கள் எலிசா நெக், ஜேன் நெக் சகோதரிகள், சமையற்காரி எலிசபெத் ஹாரிஸ், அவருடைய தம்பி (தாய் ஒன்று, தந்தை வேறு) ஜான் லீ. லீக்கு வயது 20. அவன் மட்டும் கீழ்த்தளத்தில், சாப்பாட்டு அறைக்குப் பக்கத்துச் சாமான் அறையில் படுத்திருந்தான்.

இந்த வழக்கை எடுக்கிற எல்லோரும் தூக்குமேடையில் ஆரம்பிக்கிறார்கள். மூன்று தடவை தூக்கிலிட முயன்றும் லீ சாகவில்லை என்ற சேதி எம்மா கீஸையே மறைத்துவிட்டது. தயவுசெய்து அந்த வீட்டில் இருந்து ஆரம்பியுங்கள்.

ரத்தத்தடயம்:
வீடு என்றால் முதலில் ஜேன் நெக்கின் இரவு உடைதான். புகைக்குள் லீ அவரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி விட்டான். பிறகு பார்த்தால் உடையில் ரத்தக்கறை. லீயின் கையில் வெட்டுக்காயம் இருந்தது உண்மை. புகை வெளியேற ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது கிழித்தது என்றான். அப்படியானால் எது முந்தியது, படியிறக்கியதா, கண்ணாடியை உடைத்ததா? படியிறக்கியதுதான் முந்தியது என்றால் அந்த ரத்தத்துக்குக் கண்ணாடிக் கதை பொருந்தாது. அரசுத் தரப்பின் வலுவான சாட்சியம் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் புகை மண்டிய இருட்டில், பதறி ஓடியவர்கள் பிற்பாடு சொன்ன வரிசையை நம்பித்தான் அது நிற்கிறது.

ஆய்வகத்தில் கறையைத் தீர்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ரத்த வகைகள் தெரியவந்ததும், மனித ரத்தமா மிருக ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனை வந்ததும் 1900, 1901 வாக்கில்தான். கைரேகை இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்தது 1902இல். போதாததற்கு, தீயை அணைக்க வந்தவர்களின் கால்பட்ட தரை அது.

தச்சுப்பட்டறை:
தூக்குமேடை பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அதிசயம் என்ற பேச்சு ஓயவே இல்லை. எக்ஸிட்டர் சிறை, 1885 பிப்ரவரி 23. தூக்கிலிடுபவர் ஜேம்ஸ் பெர்ரி. கைதி நிற்கும் தரையில் இரண்டு கதவுகள் நடுவில் சேரும். அடியில் நீளமான இரும்புக் கீல்கள், அவற்றின் முனையைத் தாங்கும் ஒரு கம்பி. நெம்புகோலை இழுத்தால் கம்பி விலகும், முனை நழுவும், கதவு விழும். அந்த மேடையைப் பழைய மருத்துவக் கூடத்தில் இருந்து கழற்றி, 1882இல் வண்டிக் கொட்டகையில் மாட்டியிருந்தார்கள். மாட்டியபோது சரியாகப் பொருந்தவில்லை. கம்பி முழுக்க விலகியும் ஒரு கீல் முனை அதன்மேல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3 மில்லிமீட்டர், தங்கி நின்றது என்றே விசாரணையில் முடிவானது.

ஆள் இல்லாமல் சோதித்தபோது ஏன் திறந்தது? வெறும் கதவு நேராக நிற்கும், அந்த 3 மில்லிமீட்டர் எளிதில் வழுக்கிவிடும். ஆள் ஏறினால் பலகை வளையும், இரும்பும் இரும்பும் இறுகப் பூட்டிக்கொள்ளும். பெர்ரியும் தன் அறிக்கையில் பலகை மெல்லியது, இரும்பு வலுவில்லாதது, பாரம் ஏறியதும் பூட்டிக்கொண்டது என்றுதான் எழுதினார். மழையில் மரம் ஊதியது என்று நினைத்து ஓரத்தைச் சீவியதால்தான் அடுத்தடுத்த முயற்சிகளும் தோற்றன. கோளாறு மரத்தில் இல்லையே. கைதி ஒருவன் ஆப்பு செருகினான் என்ற கதை இல்லாமலே எல்லாம் விளங்குகிறது.

பழையகட்டு:
@தச்சுப்பட்டறை, மிக்க நன்றி. கதவு திறக்காததற்கும் லீ குற்றவாளியா இல்லையா என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது இப்போது புரியும்.

கோர்ட்டுவாசல்:
சட்டப்பக்கம் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1898 சட்டம் வரும்வரை கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியப் பிரமாணம் எடுத்துத் தன் சாட்சியத்தைச் சொல்ல முடியாது. ஆகவே கண்ணாடிக் கதையை லீ கூண்டேறிச் சொல்லவும் இல்லை, அவனை யாரும் குறுக்கு விசாரணை செய்யவும் இல்லை. குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்போது கிடையாது. உள்துறை அமைச்சர் ஹார்கோர்ட் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார், அவ்வளவுதான். தீர்ப்பை யாரும் மறுபடி ஆராயவில்லை. 1907 டிசம்பரில் லீ வெளியே வந்தான்.

ரத்தத்தடயம்:
வக்கீல் டெம்ப்ளர்மீது சந்தேகம் எழுப்புகிறவர்கள் உண்டு. லீயின் வழக்கை ஏற்றவர், விசாரணைக்கு முன் நோயுற்று விலகி, 1886இல் இறந்தார். அவர் இடத்தில் அவருடைய சகோதரர் வந்தார். இது எதுவும் தடயம் ஆகாது. ஹாரிஸ் அப்போது கர்ப்பிணி, அவருடைய காதலன் அன்றிரவு வீட்டில் இருந்தான் என்பது இன்னொரு ஊகம். இதைக் கொஞ்சம் கவனிக்கலாம், ஏனென்றால் லீயே பின்னாளில் அந்தப் பக்கம்தான் கை காட்டினான். ஆனால் அதைச் சொன்னவன் தண்டனை பெற்றவன். அந்த ஆளுக்குப் பெயர் சூட்டுகிறவர்கள், 1884 நவம்பர் மரண விசாரணைச் சாட்சியத்தில் எந்த வரியை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.