மஞ்சளுக்கு அங்ககச் சான்று: ஆலோசகர் போட்ட வரவு செலவுக் கணக்கு சரிதானா?

கரைக்காடு: வணக்கம். கொடுமுடிப் பக்கம் மஞ்சள் வைக்கிறோம். அங்ககச் சான்றுக்கு (இரசாயனம் இல்லாமல் விளைவித்தது என்ற சான்று) மாறினால் முதல் அறுவடையிலிருந்தே கூடுதல் விலை கிடைக்கும் என்று பயிர் ஆலோசகர் கணக்குப் போட்டுத் தந்துள்ளார். நாளை வங்கியில் கொடுக்க வேண்டும். நம்பலாமா?

வைகாசிப்பட்டம்: எத்தனை ஏக்கர், சொந்த நிலமா குத்தகையா, கடைசியாக யூரியா எப்போது போட்டீர்கள், உள்ளூரில் விற்பீர்களா ஏற்றுமதிக்கா என்று எதையுமே சொல்லவில்லையே.

தொழுவம்: எல்லாவற்றுக்கும் முன் மாடு இருக்கிறதா என்று சொல்லுங்கள். ஏக்கருக்கு 10 டன் தொழு உரத்தை விலைக்கு வாங்கிப் போட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

பழையவர்: இதை இங்கே பலமுறை விளக்கியாயிற்று, தேடிப் படிக்கும் வழக்கம்தான் யாருக்கும் இல்லை. ஓராண்டுப் பயிருக்கு விதைப்பதற்கு முன் குறைந்தது 2 ஆண்டு மாறுதல் காலம், அதாவது இரசாயனம் இல்லாமல் பயிர் செய்து சான்றுக்காகக் காத்திருக்கும் காலம் உண்டு. அக்காலத்தில் செலவு அங்கக முறைக்கு, விலையோ சாதா மஞ்சளுக்கு. மேலும் மாறுதல் காலம் நிலத்துக்கு உரியது என்பதால், மஞ்சளுக்கு அடுத்து நெல்லோ வாழையோ வைத்தாலும் அதற்கும் இரசாயன உரம் போடக் கூடாது. அந்தப் பயிர்களின் வரவு செலவு உங்கள் ஆலோசகரின் தாளில் இருக்கிறதா?

ஊடுபயிர்: பி.ஜி.எஸ். சான்று (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்த்துப் பெறுவது) வாங்குங்கள், செலவு மிகக் குறைவு.

வைகாசிப்பட்டம்: அது உள்நாட்டுச் சந்தைக்குத்தான். ஏற்றுமதியாளர் என்.பி.ஓ.பி. (தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்) சான்றுதான் கேட்பார்.

ஊடுபயிர்: ஏற்றுமதி என்று அவர் சொல்லவே இல்லையே! சிறு விவசாயியை ஏன் வீணாக அச்சுறுத்துகிறீர்கள்?

பழையவர்: இருவரும் வங்கியை மறந்துவிட்டீர்கள். பயிர்க்கடன், பயிர்வாரியாக மாவட்ட அளவில் நிர்ணயித்த கடன் அளவைப் பார்த்துத்தான் கிடைக்கும். ஆலோசகர் எழுதிய கூடுதல் விலையால் அது ஒரு ரூபாயும் உயராது. ஆனால் அந்த விலையை நம்பி வேறு கடன் வாங்கினால் தவணை கட்டும்போது தெரியும்.

கரைக்காடு: இரண்டரை ஏக்கர், அதில் ஒன்று குத்தகை. சென்ற பட்டத்தில் யூரியா போட்டோம். ஆலோசகரிடம் பேசினேன், கூடுதல் விலையை மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளி எழுதித் தருகிறார். நன்றி.

வைகாசிப்பட்டம்: குத்தகை எத்தனை ஆண்டுக்கு, எழுத்தில் இருக்கிறதா? மாறுதல் காலம் முடிவதற்குள் உரிமையாளர் நிலத்தைத் திருப்பிக் கேட்டால் அந்த ஏக்கருக்கான செலவு முழுவதும் வீண்.

தொழுவம்: மாடு பற்றி இன்னும் பதில் வரவில்லை.