ஃபிட்னஸ் பேண்டில் துடிப்பு 120-ஐத் தாண்டியும் எச்சரிக்கை வரவில்லை, உதவுங்கள்

தேனிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் படபடப்பு இருக்கிறது, மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 120-க்கு மேல் நின்றால் உடனே சொல்லுங்கள் என்றார் டாக்டர். அதற்காகவே பேண்ட் வாங்கி, எச்சரிக்கையை 120-ல் வைத்தேன். ஆனால் நேற்று மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கியபோது 134 காட்டியும் பேண்ட் அதிரவில்லை. ஆப்பில் பார்த்தால் காலையில் 141 வரை போயிருக்கிறது, அதற்கும் சத்தமில்லை. ரீஸ்டார்ட் செய்தாயிற்று, ஆப்பை அழித்து மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. பேண்ட் பழுதா? அம்மா தேனியில் தனியாக இருக்கிறார், நான் கோவையில். அதனால்தான் பதற்றம்.

கைக்கடிகாரம்:
பழுது இல்லை அக்கா. இது ஓய்வில் இருக்கும்போது மட்டும் வரும் எச்சரிக்கை. ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட், கார்மின் எல்லாவற்றிலும் இதே கதைதான்: சுமார் 10 நிமிடம் அசையாமல் இருந்தும் துடிப்பு வரம்புக்கு மேல் இருந்தால்தான் அதிரும். மாடி ஏறினால் யாருக்கும் துடிப்பு ஏறும். அதற்கெல்லாம் அதிர்ந்தால் இரண்டே நாளில் அம்மா கழற்றி வைத்துவிடுவார். உங்கள் டாக்டர் கேட்டதும் ஓய்வு நேரத் துடிப்பைத்தானே.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க, சில பேண்டுகளில் தானாக அளக்கும் இடைவெளி 30 நிமிடம் என்று இருக்கும். நடுவில் ஏறி இறங்கினால் அதற்குத் தெரியவே தெரியாது. 1 நிமிடத்துக்கு மாற்றுங்கள். சார்ஜ் சீக்கிரம் இறங்கும், பரவாயில்லை. தொந்தரவு செய்யாதே மோடு பகலில் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

காலை ஓட்டம்:
அந்த 141 எந்த நேரம்? நடந்துகொண்டிருந்த நேரமென்றால் அதை அப்படியே நம்ப வேண்டாம். பச்சை வெளிச்சத்தைத் தோலில் அடித்து, ரத்த ஓட்டத்தால் அது மாறுவதை வைத்துத்தான் பேண்ட் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்வாக இருந்தால் கை வீச்சையே துடிப்பு என்று எண்ணிவிடும். அம்மா அந்தக் கையில் வளையல் போட்டிருக்கிறாரா? வளையல் இடித்து இடித்து, பேண்ட் மணிக்கட்டு எலும்பின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

செவிலியர் அக்கா:
அதிர்ந்தால் முதலில் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் மா. கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு விரல் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இவருக்கு வேண்டாம். தைராய்டு அதிகமானால் சிலருக்குத் துடிப்பு தாளம் தப்பும். விட்டு விட்டு, ஒழுங்கில்லாமல் அடித்தால் எண் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் பேண்ட் அதிரும்வரை காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

தேனிப்பொண்ணு:
ரொம்ப நன்றி. இடைவெளி 30 நிமிடத்தில்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். 141 வந்தது ரேஷன் கடைக்கு நடந்துபோன நேரம். வளையல் இல்லாத கைக்குப் பேண்டை மாற்றியாயிற்று. இன்று மதியம் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அதிர்ந்திருக்கிறது, 123. பக்கத்து வீட்டு அத்தை நாடி பிடித்து 120 எண்ணினார், சீராகத்தான் இருந்ததாம். டாக்டரிடம் போனில் சொன்னேன், நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார். இந்த எச்சரிக்கை கோவையில் என் போனுக்கும் வர வழி உண்டா?

கைக்கடிகாரம்:
இருவரிடமும் ஐபோன் இருந்து, அம்மா கையில் ஆப்பிள் வாட்ச் இருந்தால் ஹெல்த் ஆப்பில் பகிரலாம், எச்சரிக்கை உங்களுக்கும் வரும். மற்ற பேண்டுகளில் உங்கள் ஆப்பில் குடும்பத்தாரோடு பகிரும் வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் அம்மாவின் போன் பக்கத்தில் இருந்து, ப்ளூடூத்தும் நெட்டும் ஆனில் இருந்தால்தான் தகவல் வந்துசேரும். அதுவரை, அதிர்ந்தால் அத்தையைக் கூப்பிட ஸ்பீடு டயலில் அவர் நம்பரைப் போட்டுக்கொடுங்கள்.