சன்ஷேடு பெயர்ந்து விழுந்த சேதத்துக்கு வீட்டு உரிமையாளர் பொறுப்பா?

கேள்வி: மாடிவீட்டுக்காரர், திருச்சி

வணக்கம். எங்கள் வீட்டின் மேல்தளத்தில் நாங்கள் இருக்கிறோம். கீழ்த்தளத்தை ஒரு குடும்பத்துக்கு மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறோம். முத்திரைத்தாளில் எழுதிய 11 மாத ஒப்பந்தம் முடிந்த பிறகு, வாய்ப்பேச்சிலேயே குடித்தனம் தொடர்கிறது. சென்ற மழையில் சன்ஷேடின் காரை பெயர்ந்து, கீழே நின்ற அவர்களது ஸ்கூட்டரின் மேல் விழுந்தது. வண்டியைப் பழுதுபார்த்த செலவையும், குழாய், சுவிட்ச் மாற்றிய செலவையும் வாடகையில் கழித்துக்கொள்வதாகக் குடியிருப்பவர் கூறுகிறார். "கட்டடத்தால் ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் உரிமையாளர் பொறுப்பல்ல" என்று பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி உள்ளது. அது எங்களுக்கு உதவுமா?

மறுமொழி: நீதிமன்ற வாசல்

இதில் மூன்று செலவுகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய்ப்பாதை, மின்கம்பி மாற்றம் ஆகியவற்றை உரிமையாளரிடமும், தண்ணீர்க் குழாய், சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவற்றைக் குடியிருப்பவரிடமும் ஒப்படைக்கிறது. ஆகவே சன்ஷேடைச் சரிசெய்வது உங்கள் செலவு; குழாயும் சுவிட்சும் அவருடைய செலவு.

ஸ்கூட்டர் இந்த இரண்டிலும் சேராது. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் அவர் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே அதைச் செய்து வாடகையில் கழித்துக்கொள்ள 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஆனால் அது கட்டடப் பழுதுக்கு மட்டுமே. வண்டிச் சேதம் என்பது கவனக்குறைவுக்கான இழப்பீட்டுக் கோரிக்கை. விரிசல் விட்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா, அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்களா என்பதில்தான் அதன் முடிவு இருக்கிறது. சொல்லியிருந்தார்கள் என்றால் வழக்கை வளர்க்காமல் கொடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அந்த ஒற்றை வரியை நம்ப வேண்டாம். அது செல்லுபடியானாலும் உங்கள் இருவரை மட்டுமே கட்டுப்படுத்தும். வீட்டுக்கு வந்த விருந்தாளியோ தெருவில் போகிறவரோ காயமடைந்தால் அவரைக் கட்டுப்படுத்தாது. மேலும், குடித்தன ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும், பதிவு செய்யாதது சான்றாக ஏற்கப்படாது என்று புதிய சட்டம் சொல்கிறது. 11 மாதம் என்று எழுதிவிட்டால் எந்தப் பதிவும் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்னும் 1908ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்த 11 மாதக் கணக்கு வந்தது. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவுக்கு அது விலக்கு ஆகாது.

மாடிவீட்டுக்காரர்:

மிக்க நன்றி ஐயா. வாடகையைக் கழித்தால் மோட்டார் சுவிட்சை அணைத்துத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா?

மறுமொழி: இரண்டு போர்ஷன்

கூடவே கூடாது. வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளைத் தடுப்பதை அதே 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தடை செய்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், புகார் உங்கள் மேல் திரும்பிவிடும். கழித்த தொகையில் உங்களுக்கு உடன்பாடில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, மீதி வாடகையை ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நானும் சிறிய உரிமையாளன்தான். புதிய ஒப்பந்தம் எழுதும்போது முன்பணத்தையும் பேசி முடித்துவிடுங்கள். வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிட்டு, அடுத்த குடித்தனக்காரர் கொடுத்தால்தான் திருப்பித் தர முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் நம்மில் அதிகம். வெள்ளையடிப்புக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பதும் அட்டவணைப்படி தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. வேண்டுமென்றால் அதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தக் கூடாது என்றும் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி இரு மடங்குக் கட்டணம் விதிக்கலாம்.

மறுமொழி: நீதிமன்ற வாசல்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒப்பந்த வேலைக்கு முன்னால், எஞ்சியிருக்கும் சன்ஷேடுகளை, குறிப்பாகத் தெருப்பக்கம் நீண்டிருப்பவற்றை, ஒரு கொத்தனாரை வைத்துத் தட்டிப் பார்த்து, தளர்ந்த காரையை உதிர்த்துவிடுங்கள். ஒரு பகுதி விழுந்த பிறகு அடுத்ததும் விழுந்தால், தெரியாது என்று சொல்ல உங்களுக்கு இடமிருக்காது. உதிர்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களையும் கொத்தனார் கூலி ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.