வெயிலுக்கு அப்புறம் கிடாவுக்கு விட்ட எருமைகள் சினை பிடிக்கவில்லை. கிடாவை விற்றுவிடலாமா?

கட்டுத்தரை_ராசிபுரம்
வணக்கம். எங்களிடம் முர்ரா சாதி எருமைக் கிடா ஒன்று இருக்கிறது, நாலு வயசு. மாசி வரை அதற்கு விட்ட எருமைகள் பெரும்பாலும் ஒரே தடவையில் சினையாகிவிட்டன. ஆனி பிறந்ததிலிருந்து விட்டதெல்லாம் சினை பிடிக்காமல் மூன்று வாரத்தில் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்துகின்றன. வெயிலைக் காரணம் சொல்லவும் முடியவில்லை, ஆனியிலேயே மழை பெய்து குளிர்ந்துவிட்டது. கிடா ஏறுவதிலும் சுணக்கம் இல்லை. ஹரியானா வெயிலில் வந்த சாதிக்கு நம்ம ஊர் வெயில் என்ன செய்யும், இதற்கு ஆண்மை போய்விட்டது என்கிறார் அப்பா. வியாபாரி விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். தகரக் கொட்டகை, பக்கத்தில் குளம் இல்லை. என்ன செய்யலாம்?

பால்காரர்_பவானி
கிடாவை நம்பாமல் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுவிடுங்க. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

ஓய்வுபெற்ற_மாட்டுடாக்டர்
தம்பி, வியாபாரியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நான் பல வருசம் விந்து பரிசோதனையில் இருந்தவன். ஆனி, ஆடியில்தான் இந்தப் புகார் அதிகம் வரும். எருமைக் கிடாவின் விதையில் ஒரு விந்தணு உருவாகி முடிய சுமார் 38 நாள் ஆகும். அதன்பிறகு விதையை ஒட்டிய குழாயில் தங்கி முதிர இன்னும் பத்து நாள் போல. அதாவது இன்றைக்கு வெளியே வரும் விந்து ஏழு வாரத்துக்கு முன்னால் உருவாகத் தொடங்கியது. அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிகிறது. அந்த வெயிலில் கெட்டது ஜூலை பாதி வரை வந்துகொண்டிருக்கும். நீங்கள் மழையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறீர்கள், விதைக்குள் இன்னும் சித்திரை வெயில்தான்.

விதை உடம்புச் சூட்டைவிட இரண்டு முதல் ஆறு டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் நல்ல விந்து உண்டாகும். மத்தியானம் கிடாவின் பின்னால் நின்று பாருங்கள். விதைப்பை தளர்ந்து நீளமாகத் தொங்கும். விடிகாலையில் அதுவே சுருங்கி மேலே ஏறியிருக்கும். சூட்டை வெளியேற்ற உடம்பு செய்யும் வேலை அது. ஆனால் எருமைக்குக் கறுப்புத் தோல், முடி கொஞ்சம், வியர்வைச் சுரப்பியும் பசுவைவிட மிகக் குறைவு. கொட்டகையே கொதித்தால் விதைப்பை எவ்வளவு தொங்கியும் பயனில்லை.

ஏறுவதில் சுணக்கம் இல்லை என்பதை வைத்து விந்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. இரண்டும் வேறு வேறு. நல்ல விந்தை இளஞ்சூடான கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அலை அலையாகச் சுழலும். வெயிலடித்த கிடாவின் விந்தில் அந்தச் சுழற்சி இருக்காது. வால் மடங்கியது, கழுத்தில் சின்னத் துளி ஒட்டியது என்று குறையுள்ள அணுக்கள் நிறையத் தெரியும். இப்போது ஒரு முறை, இரண்டு மாதம் கழித்து ஒரு முறை பரிசோதியுங்கள். இரண்டாவதும் மோசமாக இருந்தால் அப்புறம் விற்பதைப் பற்றிப் பேசலாம்.

அப்பா சொல்வதற்கும் பதில் இருக்கிறது. ஹரியானாவிலும் முர்ரா பெரும்பாலும் குளிர் தொடங்கிய பிறகுதான் சினை பிடிக்கிறது. பத்து மாதச் சினை, அதனால்தான் அங்கே ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் கன்றுகள் குவிகின்றன. அங்கே ஊருக்கு ஊர் ஜோஹட் என்று குளம் உண்டு, மத்தியானம் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும். உங்கள் கிடா தகரத்துக்குக் கீழே நிற்கிறது. எனக்கு வருத்தமே இதுதான். நல்ல சாதிக் கிடாவை வாங்குகிறோம், நிழலும் தண்ணீரும் கொடுக்க மறந்துவிட்டு, வெயில் முடிந்ததும் அதைக் கசாப்புக்கு அனுப்புகிறோம்.

எருமைகளையும் கவனியுங்கள். வெயில் காலத்தில் பல எருமைகள் கத்தாமலே பருவத்துக்கு வந்து போகும். படுத்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் கோழை வடியும். ராத்திரி ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை போய்ப் பாருங்கள். பவானிக்காரர் சொன்ன சினை ஊசி நல்ல யோசனைதான். ஆனால் பருவத்தைத் தவறவிட்டால் ஊசியும் வீண்.

கட்டுத்தரை_ராசிபுரம்
நன்றிங்க டாக்டர். போன கார்த்திகையில் கிடாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. அதனாலும் இருக்குமா? அடுத்த வெயிலுக்கு என்ன செய்து வைக்கலாம்?

ஓய்வுபெற்ற_மாட்டுடாக்டர்
காய்ச்சலும் இதே கேட்டைச் செய்யும், ஆனால் கார்த்திகைக் காய்ச்சலின் பாதிப்பு தை மாதத்திலேயே தீர்ந்திருக்கும். மாசியில் சினை பிடித்ததே, அதுவே சாட்சி.

பங்குனி பிறக்கும் முன்பே தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். பதினோரு மணியிலிருந்து நாலு மணிக்குள் மூன்று தடவையாவது உடம்பெல்லாம் நனைய ஹோஸால் தண்ணீர் அடியுங்கள், கூடவே மின்விசிறி ஓடட்டும். காற்று இல்லாமல் தண்ணீர் மட்டும் அடித்தால் கொட்டகை புழுங்கும். தவிடு, புண்ணாக்கைப் பொழுது சாய்ந்த பிறகு வையுங்கள், தாது உப்பை விட்டுவிடாதீர்கள். கிடா விடுவதென்றால் விடிவதற்குள் விடுங்கள், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.