பேய்க்கட்டு: ஈபெல் கோபுரத்துக்குள் இருப்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். 'தி ரியல் கோஸ்ட்பஸ்டர்ஸ்' கார்ட்டூனுக்குத் தமிழ் சப்டைட்டில் போடுகிறேன். அதில் பிடித்த பேய்களை அடைத்து வைக்கும் கருவியான 'கன்டெய்ன்மென்ட் யூனிட்' என்பதற்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளையெல்லாம் சப்டைட்டில் கோப்பில் ஒவ்வொன்றாகப் போட்டு, படத்தோடு ஓடவிட்டுப் பார்த்தேன். இப்போது ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: பேய்க்கட்டு. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு மறுத்து எழுதுங்கள்.

இழைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 'தி ரியல் கோஸ்ட்பஸ்டர்ஸ்' 1986 முதல் 1991 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த கார்ட்டூன். 1984-இல் வந்த திரைப்படத்தின் அதே நால்வர்தான்: பீட்டர், ரே, ஈகான், வின்ஸ்டன். நியூயார்க்கில் ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தில் இருந்துகொண்டு பேய் பிடிக்கிறார்கள். நான் எடுத்திருக்கும் கதையில் அவர்கள் பாரிசுக்குப் போகிறார்கள். ஈபெல் கோபுரத்தில் பேய்த்தொல்லை. போய்ப் பார்த்தால், அந்தக் கோபுரமே பேய்களை அடைத்து வைக்க குஸ்தாவ் ஈபெல் எழுப்பிய கருவி. அது குலைந்துபோனதால்தான் உள்ளே இருந்தவை வெளியே வந்துவிட்டன.

இவர்களிடம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, தரையில் உருட்டிவிடும் சின்னப் பெட்டி. காலால் மிதித்தால் மேல்மூடி இரண்டாகத் திறந்து ஒளி பாயும், பேய் உள்ளே இழுபட்டுப் போகும். இதற்குப் 'பொறி' போதும். எலிப்பொறி தெரிந்த எல்லோருக்கும் பேய்ப்பொறி புரியும். இதில் நமக்குள் சண்டையே வரவில்லை.

சிக்கல் இரண்டாவதில். பொறியில் விழுந்ததைக் கொண்டுவந்து நிரந்தரமாக வைக்கும் இடம் அது. தீயணைப்பு நிலையத்தின் நிலவறையில் இருக்கிறது. மின்சாரம் ஓடும்வரைதான் அது நிற்கும். திரைப்படத்தில் ஓர் அரசு அதிகாரி வந்து அதை நிறுத்தச் சொல்கிறார், நகரம் முழுக்கப் பேய். ஆக நமக்கு வேண்டிய சொல்லில் 'வைத்திருத்தல்' மட்டும் இருந்தால் போதாது. ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் விசையும் தெரிய வேண்டும்.

இழையில் வந்தவற்றைப் பார்ப்போம்.

> ஆவிக்கலன் என்று வைக்கலாமே. கொள்கலன், கொதிகலன் போல.

அழகான சொல். ஆனால் கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் இதன் கேடு. ஆவி என்றால் முதலில் இட்லிப் பானைதான் நினைவுக்கு வருகிறது. நிலவறையில் ஓர் இயந்திரத்தைக் காட்டி, கீழே 'ஆவிக்கலன்' என்று போட்டால் பாய்லர் என்றுதான் படிப்பார்கள். வெடிக்கப் போகிறது என்று வேறு அடுத்த வசனம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

> கட்டுப்பாட்டகம்? 2020-இல் கன்டெய்ன்மென்ட் ஜோன் என்பதைக் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்றுதானே எழுதினார்கள்.

இது கட்டுப்பாட்டு அறையை, அதாவது கன்ட்ரோல் ரூமை நினைவூட்டுகிறது. ஆனாலும் இந்த மடல்தான் என்னைச் சரியான திசையில் திருப்பியது. அதிலிருக்கும் 'கட்டு' பற்றிப் பிறகு சொல்கிறேன்.

'பேய்ச்சிறை' பலருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். தீயணைப்பு நிலையக் காட்சிகளில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. பாரிஸ் காட்சி வந்ததும் விழுந்துவிட்டது. சிறை என்றால் சுவர் வேண்டும். ஈபெல் கோபுரத்துக்குச் சுவர் எங்கே இருக்கிறது? 18,038 இரும்புத் துண்டுகள், அவற்றை இணைக்கும் 25 லட்சம் தறையாணிகள் (ரிவெட்), மீதியெல்லாம் காற்று. காற்று புகுந்து போகட்டும் என்றுதான் அப்படிப் பின்னியிருக்கிறார்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் மறுபக்கத்து வானம் தெரியும். இதற்குள் பேய்கள் சிறையிருந்தன என்று எழுதினால், இந்தச் சந்து வழியாகப் போயிருக்கலாமே என்று குழந்தைகூடக் கேட்கும். என் மகள் கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்லும்போதுதான் சொல் கிடைத்தது. "விறகுக்கட்டைப் பார்த்திருக்கிறாயே, அதைச் சுற்றிச் சுவரா இருக்கிறது? ஒரு கயிறுதானே" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். கட்டு என்பதில் மூடி வைப்பது இல்லை, இறுக்கிப் பிடிப்பது இருக்கிறது. வைக்கோல் கட்டில் எங்கே பார்த்தாலும் இடைவெளிதான், ஆனாலும் ஒரு துரும்பு விழாது. முடிச்சு ஒன்று நெகிழட்டும், மொத்தமும் சரிந்துவிடும். கதையில் கோபுரத்துக்கு நடப்பது அப்படியே இதுதான்.

அப்புறம், பேயைப் பற்றித் தமிழ் பேசும்போது நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் வினையும் இதுவே. திக்குக்கட்டு, வாய்க்கட்டு, உடற்கட்டு எல்லாம் மந்திரக்காரர்களின் சொற்கள். கந்த சஷ்டி கவசத்தில் பேய்களையும் பூதங்களையும் விரட்டும் பகுதியில் 'கட்டு' என்ற ஏவல் திரும்பத் திரும்ப வருவது மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்குத் தெரியும். பேயாடுகிறவரின் உச்சிமயிரை மரத்தில் வைத்து ஆணி அறைவதை ஊர்ப்பக்கம் பேயைக் கட்டிப்போடுவது என்றுதான் சொல்வார்கள். என் பாட்டி இரவில் கறிக்குழம்பைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பும்போது, மேலே ஒரு கரித்துண்டும் கையில் ஒரு இரும்பாணியும் தருவார். ஆணியை வழியில் கீழே வைத்துவிடக் கூடாது. அந்த ஆணியின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. 7,300 டன் இரும்பில் 25 லட்சம் ஆணி அறைந்த ஒரு பேய்க்கட்டு என்றால், தமிழ்க் குழந்தைக்கு யாரும் எதையும் விளக்க வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஈபெல் கோபுரத்தைக் கட்டினார். ஈபெல் பேய்களைக் கட்டினார். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை! இந்தக் கதையின் திருப்பமே கட்டடமும் கட்டும் ஒன்று என்பதுதான். ஆங்கிலத்தில் ஈகான் நீளமாக விளக்க வேண்டியதைத் தமிழில் ஒரே வரியில் முடிக்கலாம்: "அவர் கட்டியது கோபுரம் இல்லை, கட்டு." இரண்டு நொடிதான் திரையில் நிற்கும் வரிக்கு இது பெரிய கொடை.

'பேய்ப் பாதுகாப்பு அலகு' என்று எழுதிய நண்பருக்கு: நீளத்தை விடுங்கள், பாதுகாப்பு யாருக்கு என்பதே குழப்பம். மேலும் அலகு என்பது இன்றைய கருவிப் பேச்சு. 1887 ஜனவரியில் வேலை தொடங்கி 1889 மார்ச்சில் முடித்த ஒரு பொறியாளர், தன் கோபுரத்தின் உச்சியில் தனக்கென்று ஓர் அறை வைத்துக்கொண்டு எடிசனை அங்கே வரவேற்றவர், இதை அலகு என்று நினைத்திருக்க மாட்டார். பேய்க்கட்டு பாரிசின் பழைய இரும்புக்கும் பொருந்துகிறது, நியூயார்க்கின் மின்கருவிக்கும் பொருந்துகிறது.

வரக்கூடிய மறுப்பு ஒன்று. பேய்மழை, பேய்க்காற்று என்பதுபோலப் பேய்க்கட்டு என்றால் 'பெருங்கட்டு' என்று பொருள்படாதா? தனியாகப் படித்தால் படலாம். ஆனால் படத்தில் பச்சையாக ஒன்று நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும்போது யாரும் மழையை நினைக்கப்போவதில்லை. 'கட்டகம்' என்று வைக்கலாமா என்றும் பார்த்தேன். பாடத்திட்டத்தில் மாட்யூலுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது.

வினைகள் தாமாகவே வந்துவிடுகின்றன: கட்டு விழுந்தது, கட்டு நெகிழ்கிறது, கட்டவிழ்ந்தது, மறுபடியும் கட்டு. நிலவறைக் காட்சியில் "கட்டு தாங்காது" என்று போட்டுப் பார்த்தேன். என் மகள் விளக்கம் கேட்கவில்லை, எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மிச்சமிருப்பது அந்த நால்வரின் பெயர். இதில் எனக்கு உதவி வேண்டும். பேயோட்டி சரிவராது, இவர்கள் ஓட்டுவதில்லை. ஓட்டிவிட்டால் அது அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பாம்பு பிடிப்பவர் மாதிரி 'பேய் பிடிப்பவர்' என்றால் நம் மொழியில் பேய்தான் ஆளைப் பிடிக்கும், 'பேய் பிடித்தவர்கள் வந்துவிட்டார்கள்' என்று அழைப்பு மணிக்குக் கீழே எழுத முடியாது. 'பேய்வேட்டையர்' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன், ஆனால் வேட்டை என்றால் கொல்வதும் ஆகிறது. இவர்கள் கொல்வதில்லை, கட்டுகிறார்கள். 'பேய்கட்டிகள்' என்று எழுதிப் பார்த்தால் உடம்பில் வரும் கட்டி போல ஒலிக்கிறது. 'கட்டுக்காரர்' என்றால் பாதி நெருங்குகிறது என்று படுகிறது. கோடாங்கிகளோடு பழகியவர்கள், அவர்களுடைய பேச்சு வழக்கு தெரிந்தவர்கள் யாராவது குழுவில் இருந்தால், கட்டுப்போடுகிறவரை அந்தப் பக்கம் என்ன சொல்லி அழைப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்த வரிகளை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்